ஜூன் மாதத்துக் கிறிஸ்மஸ்

போத்தனூரில் ஜூன் மாதத்தில் கிறிஸ்மஸ் நட்சத்திரம் தொங்கிய வீடு எங்களுடையது ஒன்றுதான். ஜூன் என்றால் இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. மாடியில் காயப்போட்ட வேட்டியை நான்கு வீடு தள்ளிப் போய்க் கேட்டு வாங்கிவர வேண்டும். அந்தக் காற்றில் காகித நட்சத்திரம் எத்தனை நேரம் தாங்கும்? சாயந்தரத்துக்குள் ஒரு முனை கிழிந்து, வால் தனியாகப் பறந்து, உள்ளே இருக்கும் பல்பு மட்டும் மொட்டையாக எரிந்துகொண்டிருக்கும். தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் நின்று பார்ப்பார்கள். பழகினவர்கள் நிற்க மாட்டார்கள். "ஆப்பிரிக்காக்காரம்மா வந்துட்டாங்களாட்ட இருக்குது" என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார்கள்.

ஆப்பிரிக்காக்காரம்மா என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு அண்ணி. அண்ணியும் அவர் கணவரும் மலாவி நாட்டில் ஒரு கிராமத்தில் மிஷனரிகளாக இருந்தார்கள். அண்ணியின் கணவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் சபையைப் பார்த்துக்கொண்டார். அண்ணி பெண்களுக்குத் தையலும் குழந்தைகளுக்கு எழுத்தும் சொல்லிக்கொடுத்தார். அனுப்பிவைத்த மிஷன் சங்கத்தின் வழக்கப்படி மூன்று வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்கு விடுப்பு. அதுவும் அங்கே மக்காச்சோள அறுவடை முடிந்து ஜனங்கள் கொஞ்சம் ஓய்ந்திருக்கிற ஜூன் மாதத்தில்தான்.

அண்ணியிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. வீட்டு ஆட்கள் கூடாமல் பண்டிகை கிடையாது. "தேதியெல்லாம் கவர்மெண்டுக்கு அம்மணி. நம்ம ஊட்டு நோம்பிக்கு ஆளுதான் தேதி" என்பார். எங்கள் பக்கம் பண்டிகையை நோம்பி என்போம். கிறிஸ்மஸையும் அண்ணி நோம்பி என்றுதான் சொன்னார், மலாவிக்குப் போயும் அது மாறவில்லை.

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி அங்கே சபையில் எல்லாம் முறைப்படி நடக்கும். அது மழைக்காலம், மாம்பழக் காலம். கோயிலில் மேளம் கொட்டிப் பாடுவார்கள், ஆடு அடிப்பார்கள், அண்ணி ஊர்க் குழந்தைகளுக்கெல்லாம் மிட்டாய் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் புதுச் சேலையை மடித்து வைத்துவிட்டுப் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, அந்த ஊர்க் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அண்ணனும் அதையேதான் சாப்பிட வேண்டும். கேட்டால், "சபைக்கு டிசம்பர். எங்க ஊட்டுக்கு நீங்க இருக்கற மாசம்" என்பார்.

இதற்கெல்லாம் காரணம் இம்மு.

இம்மானுவேல் அவர்களுக்கு ஒரே பிள்ளை. கைக்குழந்தையாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு முறை மலேரியா வந்து பிழைத்தது பெரிய காரியம். பக்கத்தில் பள்ளிக்கூடமும் இல்லை. மிஷனரி பிள்ளைகளுக்கென்று மலைமேல் ஹாஸ்டல் இருக்கிறது, அங்கே சேர்த்துவிடுங்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "ஹாஸ்டல்ல மணியடிச்சாச் சோறு. என் தம்பி ஊட்ல பசிச்சாச் சோறு" என்று சொல்லி, ஏழு வயதுப் பையனை எங்களிடம் கொண்டுவந்து விட்டார். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. பிறகும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஆகஸ்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அக்டோபரில் இம்முவுக்கு எட்டாவது பிறந்தநாள் வந்தது. நான் பேக்கரியில் கேக் சொல்லி, பலூன் ஊதி, பக்கத்து வீட்டு பாத்திமாக்காவையும் கூப்பிட்டிருந்தேன். பையன் கத்தியைத் தொடவே மாட்டேன் என்கிறான். பாத்திமாக்கா கன்னத்தைத் தடவி, "எத்தன வயசு கண்ணு உனக்கு?" என்று கேட்டார்.

"ஏழுங்க."

"இன்னைக்கு எட்டு பொறந்துருச்சல்ல?"

"இன்னும் அம்மா வல்லீங்க" என்றான்.

விசாரித்தபோதுதான் தெரிந்தது. போத்தனூர் ஸ்டேஷனில் வண்டி ஏறும் முன் அண்ணி அவன் காதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: "அம்மா இல்லாம உனக்கு வயசாகாது சாமி. அம்மா வந்துதான் ஆக்கோணும்." அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தாய் எதையாவது சொல்லுவாள்தான். இந்தப் பிள்ளை அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டுவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மலாவிக்குப் போன் கிடைப்பது அப்போதெல்லாம் பெரும்பாடு. கிடைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்க அண்ணி, பையன் போற எடத்துலயெல்லாம் ஏழு ஏழுங்கறானுங்க. நாளைக்கு ஏழாங்கிளாஸ் போயும் ஏழும்பானுங்களா?"

அந்தப் பக்கம் சிரிப்பு கேட்டது.   "இருக்கட்டும் அம்மணி" என்றார். "நான் பாக்காம அவன் பெருசாகக் கூடாது."

அப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஜூனில் வந்து இறங்கினார்கள். பெட்டியைக்கூடத் திறக்காமல் அண்ணி என்னையும் கூட்டிக்கொண்டு பேக்கரிக்குப் போய் எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று கேக் சொன்னார். கிறிஸ்மஸுக்கு மூன்று பிளம் கேக். பேக்கரிக்காரர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க, எழுதுன பொறகு மாத்தித் தரமாட்டனுங்க. இது ஜூன் மாசமுங்க" என்றார். "தெரியுமுங்க, நீங்க எழுதுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

இம்மு ஒரே வாரத்தில் ஏழிலிருந்து பத்துக்கு வந்தான். ஒவ்வொரு நாளும் கேக் வெட்டினதும் ஓடிப்போய்க் கதவு நிலையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, வளர்ந்திருக்கிறேனா என்று பார்க்கச் சொல்லுவான். அண்ணி முட்டி போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் கையை வைத்து, "ஆமா, இன்னைக்குக் கொஞ்சம் ஏறியிருக்கறே" என்று சொல்லுவார்.

கிறிஸ்மஸ்கள் செவ்வாய்க்கிழமைகளில் வந்தன. விடுப்பு என்று பெயர்தானே தவிர, ஞாயிற்றுக்கிழமை ஆனால் சபைகள் அவர்களை விடாது. உடுமலையில் ஒரு வாரம், ஈரோட்டில் ஒரு வாரம் என்று போய் ஊழியத்தைப் பற்றிப் பேசி, படம் போட்டுக் காட்ட வேண்டும். சனிக்கிழமை பயணம், திங்கட்கிழமை அசதி. மிச்சம் இருந்தது செவ்வாய். முதல் செவ்வாய்க்கு இம்மு பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதும்போது காரணம் கிறிஸ்மஸ் என்று எழுதிவிட்டான். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பி, பையனுக்கு வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார். நான் விளக்கிச் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, அடுத்த செவ்வாயும் லீவா என்று மட்டும் கேட்டார்.

நோம்பி என்றால் ஒன்றுவிடாமல் நோம்பி. விடிகாலை எண்ணெய்க் குளியல், புதுத்துணி, ஜெபம், மட்டன் பிரியாணி, தெருவுக்கெல்லாம் வெல்லக் கச்சாயப் பலகாரம். வருஷப் பிறப்பு ஆராதனையையும் விட மாட்டார். நடுராத்திரி வரை பையன் விழித்திருக்க மாட்டான் என்று சாயந்தரம் ஏழு மணிக்கே வருஷத்தைப் பிறக்க வைத்துவிடுவார். ஏழடித்ததும் நாங்கள் ஆளுக்கு ஆள் கைகொடுத்து வாழ்த்துச் சொல்லிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், நேரம் தவறினால் ஆகாது. அவரே வாயை மூடிக்கொண்டு கைகொடுத்தார்.

மலாவியில் கிடைக்கும் பூப்போட்ட முரட்டுத் துணியில் ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் இம்முவுக்கு ஒரு சட்டை தைத்து வைத்திருப்பார். அளவுக்கு, இம்மு வயதுள்ள அந்த ஊர்ப் பையன் ஒருவனை நிறுத்தி நாடா பிடிப்பாராம். பத்து வயதுப் பையனுக்கு எட்டு வயதுச் சட்டை எப்படி ஏறும்? "கை மட்டும் நொழை கண்ணு, போதும்" என்பார். அவனும் ஒரு கையை நுழைத்துக்கொண்டு போட்டோவுக்கு நிற்பான். ஒன்றன்பின் ஒன்றாக முதல் இரண்டு சட்டையிலும் ஒரு கை. கடைசிச் சட்டை மட்டும் முழுதாக ஏறும், அதற்கும் மணிக்கட்டு வெளியே தெரியும்.

தெருவில் சிரித்தவர்கள் உண்டு. பாத்திமாக்கா சிரிக்கவில்லை. முதல் ஜூன் கிறிஸ்மஸுக்குத் தட்டு நிறைய மாம்பழம் வைத்து, மேலே துணி மூடிக் கொண்டுவந்தார். "எங்க பெருநாளு வருசா வருசம் நகந்துட்டேதானுங்க இருக்குது. மழையிலயும் வருது, வெயில்லயும் வருது. உங்க நோம்பி நகந்தா என்னங்க இப்ப?" என்றார். அண்ணி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒரு ஜூனிலும் அந்தத் தட்டு தவறியதில்லை.

ஒருமுறை உடுமலைச் சபைக்கு நானும் கூடப் போனேன். அண்ணி பேசி முடித்ததும் அங்கே ஒரு பெரியவர் எழுந்து, பெற்ற பிள்ளையையே ஆண்டவருக்குக் கொடுத்துவிட்ட தாய் என்று உருகிப் பாராட்டினார். சனங்கள் கண்ணைத் துடைத்தார்கள். அண்ணி மைக்கை மறுபடி வாங்கினார்.

"குடுக்கலீங்க" என்றார். "தம்பி ஊட்ல உட்டுட்டு வந்திருக்கறேன். திருப்பி வாங்கிக்குவேனுங்க."

  திருப்பி வாங்கிக்கொள்வேன் என்றபோது அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அவன் எனக்கும் பிள்ளைதான், அது அவருக்கும் தெரியும். எங்களுக்குள் அதில் ஒளிவுமறைவு இருந்ததில்லை.

வாட்ஸப் வந்த பிறகு கொஞ்சம் சுலபமானது. அந்தக் கிராமத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரு மரத்தடி இருந்தது. அங்கே உட்கார்ந்து கூப்பிடுவார். நலம் விசாரித்து முடிந்ததும், "பேச வேண்டாம் அம்மணி. போனை அடுப்படியில வெச்சுட்டு நீங்க உங்க வேலையப் பாருங்க" என்பார். நான் அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்துவிடுவேன். குக்கர் விசில், தாளிக்கும் சத்தம், இன்னொரு தோசை கேட்டு இம்மு போடும் கூச்சல், கணக்கில் மார்க் குறைந்ததற்கு மாமன் போடும் சத்தம், எல்லாம் கேட்டுக்கொண்டிருப்பார். நான் மறந்தேபோய் எதையோ முணுமுணுத்துத் திட்டிக்கொண்டிருப்பேன். "புளி ஜாஸ்தியாப் போச்சுங்களா?" என்று அரிசி டப்பா கேட்கும்.

பிள்ளை வளர்ந்தான். பள்ளிக்கூட நண்பர்கள் வந்தார்கள். பதினாறாவது பிறந்தநாளை உள்ளபடி அக்டோபரிலேயே கொண்டாடினான். மாடியில் கேக், கைதட்டல், முகமெல்லாம் கிரீம். "அம்மாகிட்டச் சொல்லீறாதீங்க அத்தை" என்று என்னிடம் கெஞ்சினான். நான் சொல்லவில்லை. ஆனால் போன் அணைக்காமல் அடுப்படியில்தான் இருந்திருக்கிறது. பாட்டும் கைதட்டலும் மரத்தடி வரைக்கும் போயிருக்கிறது. அண்ணி அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஜூனில் வந்து, பதினான்கையும் பதினைந்தையும் முடித்துவிட்டு, பதினாறு எழுதின கேக்கை முன்னால் வைத்து, "ஒத்திகையெல்லாம் முடிஞ்சுதா கண்ணு? இப்ப நெசத்துக்கு வெட்டு" என்றார். அவனுக்கு முகம் சிவந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வெட்டினான். அன்று அம்மாவின் சட்டையில் ஒரு கையை அவனாகவே நுழைத்துக்கொண்டான்.

பத்தொன்பதாவது பிறந்தநாள் வரைக்கும் அப்படி நடந்தது. அந்த ஜூனில் இம்மு அண்ணியைவிட ஒன்றரை அடி உயரம். நிலைவாசலில் அவன் நிற்க, அண்ணி முக்காலி போட்டு ஏறித் தலைக்கு மேல் கை வைத்தார்.

அதற்குப் பிறகு கொரோனா வந்து உலகத்தை மூடியது. திறந்தபோது இம்மு மேற்படிப்புக்குக் கனடா போய்விட்டான். அடுத்த விடுப்புக்கு அண்ணி வந்தார், அவனால் வர முடியவில்லை. அம்மா வெளிநாட்டில் இருந்தாள், பிள்ளை ஊரில் இருந்தான். இப்போது அம்மா ஊரில், பிள்ளை வெளிநாட்டில். கடவுள் சிலரோடு இப்படி விளையாடுகிறார். அது ஏன் என்று நான் ஜெபத்திலேயே கேட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. அந்த ஜூன் முழுக்க அண்ணி நட்சத்திரத்தைப் பரணிலிருந்து எடுக்கவே இல்லை. பாத்திமாக்கா தட்டோடு வந்து வாசலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மாம்பழத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் அண்ணியும் அண்ணனும் ஒரேயடியாகத் திரும்பி வந்தார்கள். அண்ணிக்கு வயிற்றில் கட்டி. இங்கே பார்த்த டாக்டர்கள் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் வெளியே வந்த முகத்தைப் பார்த்தே அண்ணி புரிந்துகொண்டார். ஆறு மாதம் தாண்டினால் அதிகம்.

டிசம்பர் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அண்ணி போத்தனூரில் இருக்கும் உண்மையான டிசம்பர். ஊரெல்லாம் நட்சத்திரம். நான் பரணுக்கு ஏணி போட்டேன்.

"எறங்குங்க அம்மணி" என்றார் அண்ணி. "அவன் வருட்டும்."

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, இதுதானுங்க நெசமான கிறிஸ்மஸ். அடுத்த கிறிஸ்மஸுக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். அவர் சிரித்தார். இருபத்தைந்தாம் தேதி காலை அண்ணனோடு கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். புதுச் சேலையை மடித்து வைத்தார். பழைய சேலை கட்டிக்கொண்டு ரசம் சாதம் கேட்டார். தெரு முழுக்கப் பிரியாணி வாசம், எங்கள் வீட்டில் ரசம். இம்மு வீடியோவில் வந்தான், பின்னால் ஜன்னலில் பனி. "அம்மா, இன்னைக்கே கொண்டாடுங்கம்மா, நான் போன்ல பாத்துக்கறேன். கேக்கு வெட்டுங்கம்மா" என்று கெஞ்சினான். "போன்ல பாக்கறது படம் கண்ணு, நோம்பி இல்ல. நீ வா, எல்லாத்தையும் சேத்திச் செஞ்சுபோடலாம்" என்றார் அண்ணி.

அவனால் வர முடியாத நேரம் அது. கனடாவிலேயே தங்கி வேலை பார்க்க விண்ணப்பம் போட்டிருந்தான். பேப்பர் கைக்கு வரும் முன்னால் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப உள்ளே விடுவார்கள் என்ற நிச்சயம் இல்லை. நான்கு வருஷம் பட்ட பாடும் போய்விடும். அண்ணி கட்டியைப் பற்றி அவனுக்குப் பாதிதான் சொல்லியிருந்தார்.

ஜனவரியில் ஒரு நாள் மத்தியானம், நான் அவர் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அம்மணி, ஒண்ணு சொல்றேன், அழுகாமக் கேக்கோணும்" என்றார். நான் அப்போதே அழ ஆரம்பித்துவிட்டேன்.

"எனக்கு ஆச்சுன்னா அன்னைக்கே எடுத்துப்போடுங்க. பொட்டி கொண்டாந்து வெச்சு அவனுக்காவக் காக்க வேண்டாம்."

"என்னங்கண்ணி இது? ஒரே பையன். மொகம் பாக்க வேண்டாமுங்களா? ஒரு கேக்கு வெட்டறதுக்கே மூணு வருசம் காத்தவங்க நீங்க."

"அதனாலதான் சொல்றேன். என்னையக் காக்க வெச்சா அவன் வந்துருவான். எல்லாத்தையும் போட்டுட்டு வந்துருவான்." மூச்சு வாங்கியது. "என் ஊழியத்துக்காவ அவன் ஒருக்கா எழந்தது போதும். எனக்காவ இன்னொருக்கா எழக்கக் கூடாது. எடுத்துட்டீங்கன்னா அப்பறம் அவசரமா வாரதுக்கு அவனுக்கு என்ன இருக்குது? மெதுவா வருவான்."

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் போனார். ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. ஈரோட்டிலிருந்தும் உடுமலையிலிருந்தும் சபைக்காரர்கள் வந்தார்கள். ஒரே பிள்ளை வராமல் எடுப்பதா என்று கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. யாரோ குளிர்பெட்டிக்கே சொல்லி அனுப்பிவிட்டார்கள். இம்மு போனில் என்னைக் கூப்பிட்டான். அவன் அப்படிக் கதறி நான் கேட்டதே இல்லை.

"ரெண்டு நாளு, அத்தை. ரெண்டே ரெண்டு நாளு வெச்சிருங்க. நான் வந்தர்றேன். பேப்பரு போனாப் போகுதுங்க அத்தை. அம்மாவ வெச்சிருங்க."

வந்துவிடுவான் என்றுதானே அண்ணி சொன்னார். சொன்னபடியே நடந்தது. நான் அண்ணனைப் பார்த்தேன்.  "அவ சொன்னது அதுதான்" என்றார். என் வீட்டுக்காரர் போய்க் குளிர்பெட்டி வண்டியைத் திருப்பி அனுப்பினார். நான் போனை எடுத்து, "சாமி, அம்மா உனக்காவக் காக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன்.  சாயந்தரம் நாலு மணிக்கு அண்ணியை அடக்கம் செய்தோம். எந்த நோம்பியையும் அந்தந்த நாளில் கொண்டாடாத மனுஷிக்கு, இது ஒன்றுதான் அன்றைக்கே நடந்தது. 

அதன் பிறகு இம்மு எங்களோடு பேசவில்லை. அண்ணன் கூப்பிட்டால் எடுப்பான், ஆமாம் இல்லை என்பான், வைத்துவிடுவான். என்னுடைய அழைப்பை எடுப்பதே இல்லை. ஈஸ்டர் வந்தது, போனது. ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது அவனிடமிருந்து போன் வந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு எடுத்தேன். "சாமி" என்றேன்.

"பேச வேண்டாமுங்க அத்தை" என்றான். "அடுப்படியில வெச்சிருங்க."

அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்தேன். என் வீட்டுக்காரருக்கும் அண்ணனுக்கும் சேர்த்து மாவு தீரும் வரை தோசை வார்த்தேன்.

ஜூனில் வந்தான். பேப்பர் கிடைத்திருந்தது. தாடி வைத்திருந்தான், காதோரம் இரண்டு மூன்று நரை. நேராகக் கல்லறைக்குப் போய், வெகு நேரம் கழித்து வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுத் தூங்கினான். செவ்வாய்க்கிழமை காலையில் அவனாகவே பரணில் ஏறினான். நட்சத்திரத்தை இறக்கித் தூசி தட்டி, காற்றுக்குத் தாங்கும்படி நாலு பக்கமும் கம்பி கொடுத்துக் கட்டித் தொங்கவிட்டான். பிறகு பேக்கரிக்குப் போய்க் கேக் வாங்கி வந்தான். திறந்து பார்த்தேன். கேக்கின் மேல் எழுத்து ஒன்றும் இல்லை. என்ன எழுத என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றானாம்.

சாயந்தரம் எல்லோரும் கூடினோம். பாத்திமாக்காவுக்கு இப்போது முட்டிவலி, இருந்தும் துணி மூடின தட்டோடு படியேறி வந்துவிட்டார். அண்ணன் ஜெபம் செய்தார், நடுவில் நிறுத்திவிட்டார். நான் கத்தியை எடுத்து இம்முவின் கையில் கொடுத்தேன். அண்ணி இருந்தால் இருபதிலிருந்து ஆரம்பித்திருப்பார். "இருவதுக்கு முதல்ல வெட்டு கண்ணு" என்று சொல்ல வாயெடுத்தேன், அது அண்ணி சொல்ல வேண்டியது.

அவன் கத்தியைப் பிடித்தபடி நின்றான்.  மேலே நட்சத்திரம் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது. பாவம், பாத்திமாக்காதான் அவன் நிற்பதைப் பார்க்கத் தாங்காமல் எட்டி அவன் கன்னத்தைத் தடவி, பழைய வழக்கப்படி கேட்டுவிட்டார்.

"இப்ப எத்தன வயசு கண்ணு உனக்கு?"

"பத்தொம்பதுங்க" என்றான். "இன்னும் அம்மா வல்லீங்க."